சப்ஃபிரேம் புஷ் போய்விட்டது: வீட்டிலேயே மாற்றுவதா, பிரஸ்ஸுக்குத் தூக்குவதா, கராஜில் விடுவதா?

பெங்களூர் சில்க் போர்டு பக்கம் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின்சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் இன்னொரு 'டொக்'. சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தால் வண்டி லேசாக ஒரு பக்கம் ஒதுங்குகிறது, காலை எடுத்தால் மறுபக்கம் வருகிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "சப்ஃபிரேம் புஷ் போயிருக்கு சார், மொத்தமா இறக்கணும்" என்கிறார். சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மெத்தைதான் அந்த புஷ். கூலியைக் கேட்டதும், நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் வருகிறது.

செய்யலாம், ஆனால் எல்லா வண்டியிலும் இல்லை. பின்பக்க சப்ஃபிரேம் என்றால், போல்ட் அசைந்து கொடுத்தால், சமமான தரை இருந்தால் வீட்டில் வைத்தே முடிக்கலாம். முன்பக்கம் என்றால் பெரும்பாலும் லிஃப்ட் உள்ள கராஜ்தான் சரி. புஷ்ஷின் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பாதி வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள். முடிவு போல்ட்டிலும் தரையிலும் இருக்கிறது.

## முதலில், உங்கள் வண்டியில் அந்த புஷ் இருக்கிறதா?

சப்ஃபிரேம் என்பது சஸ்பென்ஷன் ஆர்ம்களைத் தாங்கும் தனி இரும்புச் சட்டம். அதை பாடியோடு இணைக்கும் இடங்களில் சில கார்களில் தடித்த ரப்பர் புஷ் இருக்கும், சில கார்களில் இருக்காது. பெரும்பாலான சிறிய ஹேட்ச்பேக்குகளில் முன் சப்ஃபிரேம் ரப்பர் இல்லாமல் நேரடியாக பாடியோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அங்கே சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் ஸ்டெபிலைசர் லிங்க்கையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி வண்டிகளில் பின்பக்கம் சப்ஃபிரேமே கிடையாது. ஒரே உத்திரம் போன்ற ஆக்சில் பீம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு புஷ். இன்னோவா (ஹைகிராஸ் தவிர), ஸ்கார்ப்பியோ, பொலேரோ எல்லாம் ஏணிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டிகள். அங்கே தேய்வது பாடி மவுண்ட். மூன்றையும் பேச்சுவழக்கில் 'சப்ஃபிரேம் புஷ்' என்று சொல்லிவிடுகிறார்கள், ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலை.

உண்மையான பின்பக்க சப்ஃபிரேம் புஷ் நான்கு இருப்பது பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ் போன்ற வண்டிகளில். பெங்களூரில் செகண்ட்ஹேண்டில் இவற்றை வாங்கி ஓட்டுபவர்கள் நிறைய, புஷ் பிரச்சினையும் அவர்களிடம்தான் அதிகம். கீழே சொல்வதில் பெரும்பகுதி ஆக்சில் பீம் புஷ்ஷுக்கும் பொருந்தும்.

புஷ் போய்விட்டதா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. சப்ஃபிரேம் போல்ட்டின் பெரிய வாஷரிலிருந்து பாடி வரை, வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு நேர்கோடு போடுங்கள். நான்கு முனையிலும். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட்டே தளர்ந்து சப்ஃபிரேம் நகர்கிறது. கோடு அப்படியே இருந்தும் சத்தம் வந்தால், புஷ்ஷின் ரப்பருக்குள் ஆட்டம் இருக்கலாம். அதைப் பார்க்க, காருக்கு அடியில் ஒரு போனை வீடியோ ஓடவிட்டுத் தரையில் வைத்துவிட்டு, சீட்டில் இருப்பவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றட்டும். அந்த நேரத்தில் காருக்கு அடியில் ஆள் இருக்கவே கூடாது. சப்ஃபிரேம் முனை சில மி.மீ. துள்ளினால் புஷ்தான். புஷ்ஷைச் சுற்றி எண்ணெய்போல் கறுப்பாக வழிந்திருந்தால் அது திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் புஷ். உள்ளிருந்தது வெளியே வந்துவிட்டது, அதற்கு மேல் சோதனை வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

விலைப் பட்டியலுக்கு முன் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

- தரை. சிமென்ட் போட்ட சமதளமா? அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் தரை பெரும்பாலும் தண்ணீர் வடிய சரிவாக இருக்கும். இன்டர்லாக் கல் பதித்த இடமென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு வேண்டும். பேஸ்மென்டில் ரிப்பேர் செய்யக்கூடாது என்று அசோசியேஷன் விதி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. தெருவோரத்தில் இதைச் செய்யாதீர்கள்.
- போல்ட். அசைகிறதா, துருப்பிடித்து உறைந்திருக்கிறதா?
- புஷ் தனியாகக் கிடைக்கிறதா? சில மாடல்களுக்கு புஷ் தனி பார்ட்டாக விற்பதில்லை, முழு சப்ஃபிரேமாகத்தான் தருவார்கள்.
- வண்டி எத்தனை நாள் நிற்கலாம்? திங்கள்கிழமை காலை எலக்ட்ரானிக் சிட்டி போயே ஆக வேண்டும் என்றால் பதில் மாறும்.
- இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? ஆறு மாதத்தில் விற்கப் போகும் வண்டிக்கும் பத்து வருஷம் ஓட்டப் போகும் வண்டிக்கும் ஒரே பதில் இல்லை.

போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வழியில் போவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பல வண்டிகளில் சப்ஃபிரேம் போல்ட் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வகை. குறிப்பிட்ட நியூட்டன் மீட்டருக்கு (முடுக்கும் விசையின் அளவு) முடுக்கிவிட்டு அதற்கு மேல் 90 டிகிரி போலக் கூடுதலாகத் திருப்பச் சொல்லியிருப்பார்கள். அப்படித் திருப்பும்போது போல்ட் நிஜமாகவே நீளும், கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. எனவே முதல் செலவு புது போல்ட். நீங்கள் செய்தாலும் கராஜ் செய்தாலும் அது தேவைதான், பணம் வீணாகாது.

போல்ட் கையில் வந்த பிறகு ஒரு சோதனை. இரண்டு நாள் முன்னதாக, காலையும் இரவும் துரு இளக்கும் ஸ்பிரேயை போல்ட் தலைக்கும் அது ஏறும் துளைக்கும் அடியுங்கள். பிறகு நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே, எக்ஸ்டென்ஷன் போட்டு, 60 செ.மீ. பிரேக்கர் பாரால் (நீளக் கைப்பிடி) ஒவ்வொன்றாகக் கால் சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தும் முன் போல்ட் தலையிலும் வாஷரிலும் சேர்த்து ஒரு கோடு. பார்த்தபின் அந்தக் கோடு மறுபடி சேரும் வரை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கும் அசைந்தால் வீட்டில் செய்யலாம். ஒன்று அசையாவிட்டாலும் கராஜ்.

குழாய் மாட்டி நீளத்தைக் கூட்டி மிதித்துப் பார்க்க ஆசை வரும். 70 கிலோ எடையுள்ளவர் 60 செ.மீ. பாரின் முனையில் ஏறி நின்றாலே 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். துருப்பிடித்த எம்12 போல்ட் அதற்கு வெகு முன்பே முறிந்துவிடும். முறிவதைவிடவும் மோசமானது ஒன்று உண்டு. அந்த போல்ட் ஏறும் நட், பாடியின் பெட்டிச் சட்டத்துக்குள் வெல்டு வைத்திருக்கும். வெல்டு விட்டால் போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், கழலவும் கழலாது, இறுகவும் இறுகாது. பிறகு கார்பெட்டைக் கிழித்து, தளத்தை வெட்டித் திறந்து, நட்டைப் பிடித்து, மறுபடி வெல்டு வைத்து, பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு இத்தனை.

## நான்கு வழிகளும் ஒரே பார்வையில்

| வழி | வண்டி நிற்கும் காலம் | முக்கியக் கருவி | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| வீட்டிலேயே, புல்லர் (புஷ்ஷை இழுத்து எடுக்கும் கருவி) வைத்து | முதல் தடவை என்றால் முழு 2 நாள் | புல்லர் செட், 3 டன் ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) | கருவிகள், புது போல்ட், அலைன்மெண்ட் | பின் சப்ஃபிரேம், சமதரை, அசையும் போல்ட் |
| வீட்டில் கழற்றி, பிரஸ்ஸுக்கு எடுத்துப் போவது | 3 முதல் 4 நாள் | ஜாக்கி இரண்டு, துணைக்கு ஆள் | போக்குவரத்து, பிரேக் லைன் பிளீடிங் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது) | ஆர்ம் புஷ்களையும் சேர்த்து மாற்றுபவர் |
| முழுவதும் கராஜில் | 1 முதல் 2 நாள் | எதுவும் இல்லை | கூலி, டூப்ளிகேட் புஷ் அபாயம் | முன் சப்ஃபிரேம், உறைந்த போல்ட் |
| பழைய முழு சப்ஃபிரேம் | 2 முதல் 3 நாள் | வீட்டிலென்றால் மேலே சொன்ன எல்லாம் | வளைந்த சட்டம், அதே வயது புஷ் | புஷ் தனியாகக் கிடைக்காத வண்டி |

ரூபாய்க் கணக்கை அட்டவணையில் போடவில்லை. ஆக்சில் பீம் புஷ்ஷுக்கும் 3 சீரிஸ் புஷ்ஷுக்கும் இடையே விலை பல மடங்கு மாறும், ஒரே எண் யாருக்கும் உதவாது. கூலிக்கு எஸ்டிமேட் வாங்கும்போது புஷ், போல்ட், பிரஸ் கூலி, அலைன்மெண்ட் என்று நான்கு வரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். அப்போதுதான் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட முடியும்.

## வழி 1: வீட்டிலேயே, புல்லர் வைத்து

சப்ஃபிரேமை முழுதாகக் கழற்றத் தேவையில்லை. ஒரு பக்கத்தை 6 முதல் 8 செ.மீ. வரை இறக்கினால் அந்தப் பக்கத்து இரண்டு புஷ்ஷும் கைக்கு வரும். மறுபக்க போல்ட்கள் சில சுற்றுத் தளர்ந்து, ஆனால் மாட்டியபடியே இருக்கும். சட்டம் தன் இடத்தை விட்டு அதிகம் விலகாது. வீட்டில் செய்பவருக்கு இருக்கும் மிகப்பெரிய சாதகம் இதுதான்.

முதலில் பாதுகாப்பு, அதிலும் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் வேலை செய்யாது. அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், அவை காற்றில் தொங்குகின்றன. பின்சக்கர டிரைவ் ஆட்டோமேட்டிக்கில் 'பார்க்' நிலையும் அப்படியே. வண்டியை நிறுத்தி வைப்பது முன்சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள் மட்டும்தான். முன்னும் பின்னுமாக நான்கு கட்டை வையுங்கள். ஸ்டாண்டுகளை பாடியின் ஜாக்கிங் பாயின்டில் வையுங்கள். சப்ஃபிரேமுக்கு அடியில் வைத்தால், நீங்கள் இறக்கப்போகும் பொருளின் மேலேயே வண்டியை உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அவை விரிசல் காட்டி எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

இனி வேலையின் வரிசை:

1. சப்ஃபிரேம் வாஷர்களைச் சுற்றி பாடியில் கோடு வரைந்து, எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள்.
2. சப்ஃபிரேமோடு சேர்ந்து இழுபடக்கூடியவற்றை விடுவியுங்கள்: பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏ.பி.எஸ். சென்சர் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், ஹெட்லைட் மட்டம் பார்க்கும் ஹைட் சென்சர், சைலன்ஸர் ரப்பர். பின்சக்கர டிரைவ் வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எவ்வளவு வளையலாம் என்றும் மாடலின் மேனுவலில் பாருங்கள்.
3. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். காயில் ஸ்பிரிங் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தால், இறக்கும்போது அது நீண்டு வெளியே துள்ளலாம். வலுவான கயிற்றால் ஆர்மோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.
4. சப்ஃபிரேமை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு அந்தப் பக்க போல்ட் இரண்டையும் எடுத்து மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இறுகுகிறதா என்று ஒவ்வொரு செ.மீ.க்கும் பாருங்கள்.
5. பழைய புஷ் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதுங்கள். ரப்பரில் உள்ள பள்ளங்கள் எந்தத் திசை பார்க்கின்றன என்று சப்ஃபிரேம் இரும்பிலேயே கோடு போடுங்கள்.

ஐந்தாவதை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். புஷ்ஷின் ரப்பருக்குள் இருக்கும் பள்ளங்கள் ஓட்டைகள் இல்லை. எந்தத் திசையில் இளகிக் கொடுக்க வேண்டும், எந்தத் திசையில் விறைப்பாக நிற்க வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. 90 டிகிரி திருப்பிப் போட்டால் புது புஷ்ஷே பழையதைவிட மோசமாக ஓடும்: ஸ்பீட் பிரேக்கரில் முதுகில் இடிக்கும், வளைவில் பின்பக்கம் தள்ளாடும்.

புல்லர் என்பது ஒரு நீளமான திரெட் ராடு, இரண்டு கிண்ணம், ஒரு த்ரஸ்ட் பேரிங். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரண ராடு இதற்கு ஆகாது. அதன் திரெட் வழித்துக்கொண்டு போய்விடும். 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் எம்14 ராடு வேண்டும், திரெட்டில் நிறைய க்ரீஸ் வேண்டும். இம்பாக்ட் கன்னால் ஓட்டாமல் நீளமான ஸ்பேனரால் கையாலேயே திருப்புங்கள். இழுவையில் இருக்கும் ராடுக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். வெளியே வரும் புஷ்ஷை ஏற்கும் கிண்ணத்தின் உட்புறம் புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிட 2, 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். புஷ்ஷுக்கு ஒரு பக்கம் விளிம்பு இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். விளிம்பு இருக்கும் பக்கமாகத்தான் அது வெளியே வரும்.

அசையாத புஷ்ஷுக்கு, ரப்பரை டிரில்லால் துளைத்துத் துளைத்து நடுக்குழாயை எடுத்துவிட்டு, வெளிக்குழாயை ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து ஒரு கோடு அறுத்து, உளியால் உள்பக்கம் மடக்கலாம். கோடு சப்ஃபிரேம் இரும்பில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் டார்ச் வைத்து ரப்பரை எரிப்பதை இணைய வீடியோக்களில் காட்டுகிறார்கள். காரில் மாட்டியிருக்கும் சப்ஃபிரேமில் அதைச் செய்யவே கூடாது. பெட்ரோல் டேங்க்கும் பிரேக் ஹோஸும் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

புது புஷ்ஷை இரவு முழுக்க ஃபிரீசரில் வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 65 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் கூடு பெங்களூர் வெயிலிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் சுமார் 0.07 மி.மீ. சுருங்கும், இரும்புக் கூடு அதில் பாதி. தானாக வழுக்கி உள்ளே போகாது, நேராகத் தொடங்க உதவும். உராய்வைக் குறைக்கத் திக்கான சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயிலும் சாதாரண க்ரீஸும் ரப்பரை ஊத வைக்கும்.

உள்ளே அழுத்தும்போது கிண்ணம் புஷ்ஷின் வெளிக்கூட்டில் மட்டும் உட்கார வேண்டும். நடுக்குழாயில் அழுத்தினால் புது ரப்பர் ஒட்டிய இடத்திலேயே விட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, மூன்று மாதத்தில் மறுபடி 'டொக்'. முதல் 5 மி.மீ. போனதும் நிறுத்தி நான்கு பக்கமும் அளவு பாருங்கள். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6 என்றால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். சாய்ந்து போனதை மேலும் இழுத்து நேராக்க முடியாது, சப்ஃபிரேமின் துளைதான் சிராய்த்துக்கொள்ளும்.

## வழி 2: கழற்றி, பிரஸ்ஸுக்கு எடுத்துப் போவது

சப்ஃபிரேமை முழுதாக இறக்கி, குட்டியானையில் ஏற்றி, பீன்யா பக்கத்து ஒரு லேத் பட்டறையில் 20 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி வாங்குவது. கேட்க எளிதாகத் தோன்றும். பிரஸ்ஸில் புஷ் ஐந்து நிமிடத்தில் மாறிவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காக வழி 1இல் தொடாமல் விட்ட எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்: டிரைவ் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், பல வண்டிகளில் பிரேக் லைன்கூட. லைனைத் திறந்தால் பிரேக் முழுக்க பிளீட் செய்ய வேண்டும். வண்டி மூன்று நாள் ஸ்டாண்டின் மேலேயே நிற்கும், தெருப்பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் அது பெரிய கவலை.

இருந்தாலும் ஒரு நிலையில் இதுதான் மிகச் சரியான வழி. பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டி, ஆர்ம் புஷ்கள், டிஃபரென்ஷியல் புஷ் எல்லாமே போய்விட்டன என்றால், ஒரே இறக்கத்தில் எல்லாவற்றையும் மாற்றி, சப்ஃபிரேமைச் சுரண்டித் துருநீக்கிப் பெயின்ட் அடித்துத் திரும்ப ஏற்றலாம். அடுத்த பத்து வருஷம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்போது திசைக் கோட்டையும் நீட்டல் அளவையும் நீங்களே எழுதி எடுத்துப் போய், பக்கத்தில் நின்று அழுத்த வையுங்கள். லேத்காரருக்கு அது ஒரு வட்டமான பொருள், அவ்வளவுதான். பள்ளம் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

## வழி 3: முழுவதும் கராஜில்

முன் சப்ஃபிரேமுக்கு ஏன் இதையே சொல்கிறோம் என்றால், அதில் ஸ்டியரிங் ரேக் உட்கார்ந்திருக்கிறது, பல வண்டிகளில் எஞ்சினின் ஒரு மவுண்ட்டும். இறக்கும்போது எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடிக்க சப்போர்ட் பார் வேண்டும். ஸ்டியரிங் ஷாஃப்டைப் பிரித்த பிறகு யாராவது ஸ்டியரிங் வீலைச் சுற்றிவிட்டால், அதற்குள் இருக்கும் ஏர்பேக் சுருள் வயர் அறுந்துவிடும். கழற்றும் முன் வீலை நேராக வைத்துப் பூட்டாமல் விடும் வீட்டு வேலைகளில் இது அடிக்கடி நடக்கிறது. புஷ் மாற்றப் போய் ஏர்பேக் விளக்கு எரியும் வண்டியோடு திரும்புவார்கள்.

கராஜைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கே கேள்வி. டூ போஸ்ட் லிஃப்ட் இருக்கிறதா? புஷ்ஷை எதை வைத்து ஏற்றுவீர்கள், பிரஸ்ஸா புல்லரா? புது போல்ட் போடுவீர்களா? டார்க் ரெஞ்ச் எங்கே, காட்டுங்கள். "சுத்தியலால் தட்டினாலே போயிடும் சார்" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். தட்டினால் வெளிக்கூட்டின் விளிம்பு மடங்கி ரப்பரில் குத்தும். "ஒரிஜினல் கிடைக்காது, நைலான்ல கடைஞ்சு போட்டுத் தர்றேன்" என்றாலும் அப்படித்தான். நைலான் இளகாது, அடி முழுக்க பாடித் தகட்டுக்குப் போகும்.

பார்ட்டை நீங்களே வாங்கிக் கொடுப்பதற்குச் சம்மதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஜே.சி. ரோடு கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம், ஆனால் வண்டிப் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். 17 எழுத்துள்ள சேஸிஸ் எண்ணைக் காட்டி, பார்ட் நம்பரை எடுத்துக்கொண்டு, அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மாடலில் முன் ஜோடியும் பின் ஜோடியும் பார்க்க ஒன்றுபோல் இருந்து பார்ட் நம்பர் மாறுவது சாதாரணம்.

## வழி 4: பழைய முழு சப்ஃபிரேம்

சிவாஜி நகர் குஜிரி (பழைய சாமான் சந்தை) பக்கம் உடைத்த வண்டிகளின் சப்ஃபிரேம் கிடைக்கும். அதில் இருக்கும் புஷ்ஷும் உங்கள் புஷ்ஷின் வயதுதான் என்பதை மறந்துவிட்டு வாங்குகிறார்கள். புஷ் தனியாக விற்காத வண்டிக்கும், உங்கள் சப்ஃபிரேம் துருவிலோ விபத்திலோ போய்விட்ட நிலைக்கும் மட்டும் இந்த வழி. வாங்கும் இடத்திலேயே டேப் வைத்து மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது விபத்தில் வளைந்தது. ஆர்ம் மாட்டும் காதுகளில் புதுப் பெயின்ட் தெரிந்தால் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும்.

## ரப்பரா, பாலியா, இன்சர்ட்டா?

வழி எதுவானாலும் இந்தக் கேள்வி வரும். பெங்களூர் ரோட்டுக்கு எங்கள் பதில் பெரும்பாலும் ரப்பர், கம்பெனிக்கு சப்ளை செய்யும் தரத்தில். ரப்பரின் கடினத்தன்மை ஷோர் ஏ அளவில் 50 முதல் 65க்குள் இருக்கும். பாலியூரித்தேன் 80 முதல் 95. அந்த வித்தியாசம் காதுக்கு வரும். டிஃபரென்ஷியல் முனகல், டயர் இரைச்சல், சிமென்ட் ரோட்டின் 'தட தட' எல்லாம் கேபினுக்குள் வந்து உட்காரும். காலையில் இரண்டு மணி நேரம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அது தேவையா என்று யோசியுங்கள்.

பாலிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு: இரண்டு துண்டாக வரும், புல்லர் இல்லாமல் கையாலேயே ஏற்றிவிடலாம். ஆனால் வாங்கும் முன் அந்த செட்டின் குறிப்பைப் படியுங்கள். சில செட்டுகள் பழைய புஷ்ஷின் வெளிக்கூட்டை அப்படியே விட்டு, ரப்பரை மட்டும் எடுக்கச் சொல்லும். சில செட்டுகள் கூட்டையும் எடுக்கச் சொல்லும். இதைப் படிக்காமல் கூட்டை அறுத்து எறிந்துவிட்டால், கையிலிருக்கும் பாலி துளைக்குள் லொடலொடவென்று ஆடும். செட்டோடு வரும் க்ரீஸை மட்டும் போடுங்கள். வார இறுதியில் டிராக் ஓட்டுபவருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பிய நொடியிலேயே வண்டி திரும்ப வேண்டும் என்று விரும்புபவருக்கும் பாலி நல்ல தேர்வுதான். ஒரு நிபந்தனை: சப்ஃபிரேம் மாட்டும் பாடித் தகட்டில் விரிசல் இல்லை என்று உறுதி செய்த பிறகு. ஈ46 தலைமுறை 3 சீரிஸில் பின் சப்ஃபிரேம் மாட்டும் தளத்தகடு கிழிவது உலகமறிந்த குறை; அதன் மேல் விறைப்பான புஷ் போட்டால் கிழிசல் வேகமாக வளரும்.

இன்சர்ட் என்பது பழைய ரப்பரின் பள்ளங்களில் செருகும் பாலித் துண்டு. போல்ட்டைத் தளர்த்தி சில செ.மீ. இறக்கினாலே போதும், அரைநாள் வேலை. ரப்பர் கிழியாமல் வெறுமனே தளர்ந்திருந்தால் ஓரிரு வருஷம் தாக்குப்பிடிக்கும். விற்கப் போகும் வண்டிக்கு நியாயமான செலவு, வாங்குபவரிடம் சொல்லிவிட்டுப் போட்டால். ரப்பர் கூட்டைவிட்டு விலகியிருந்தால் இன்சர்ட் எதையும் பிடிக்காது. கண்ணாடி ஒட்டும் சீலன்ட்டைப் பள்ளத்தில் நிரப்புகிறார்களே, அதுவும் எண்ணெயும் தூசியும் படிந்த பழைய ரப்பரில் ஒட்டாமல் ஒரு மழைக்குள் உதிர்ந்து விழும்.

## ஏற்றி முடுக்கும்போது

சப்ஃபிரேமை ஜாக்கியால் ஏற்றி, நான்கு போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்றுப் போட்டு, வரைந்த கோடுகள் சேர்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் வையுங்கள். அளவு உங்கள் மாடலின் மேனுவலில் இருப்பதுதான். பக்கத்து வண்டியின் எண்ணை வாங்காதீர்கள்.

வழியில் ஆர்ம் போல்ட் எதையாவது தளர்த்தியிருந்தால், அல்லது செய்தது ஆக்சில் பீம் புஷ் என்றால், அதைச் சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்காதீர்கள். ஆர்மை ஜாக்கியால் தூக்கி, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து முடுக்குங்கள். இந்த புஷ்கள் முறுக்கில் வேலை செய்பவை. தொங்கும்போது முடுக்கினால் வண்டி கீழே இறங்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். புது புஷ் சீக்கிரம் போய்விட்டது, டூப்ளிகேட் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

ஏ.பி.எஸ். வயரும் ஹேண்ட்பிரேக் கேபிளும் தம் கிளிப்பில் உட்கார்ந்தனவா, பிரேக் ஹோஸ் எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லையா என்று பார்த்த பிறகு, தெருவுக்குள் 20 கி.மீ. வேகத்தில் நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். அதே நாளில் நான்கு சக்கர அலைன்மெண்ட். அதைத் தள்ளிப் போட்டால் பின் டயரின் உள்விளிம்பு முதலில் போகும், அது வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. அலைன்மெண்டில் ஸ்டியரிங் நேராக வந்த பிறகு, வண்டியில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருந்தால், ஸ்டியரிங் ஆங்கிள் சென்சரையும் ஜீரோ செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, புது போல்ட் தலைகளிலும் வாஷரிலும் சேர்த்து மறுபடி வெள்ளைக் கோடு. 500 கி.மீ. ஓடியதும் குனிந்து பாருங்கள். டிகிரி கணக்கில் முடுக்கிய போல்ட்டை 'எதற்கும் இன்னொரு இழு' என்று இழுக்காதீர்கள். கோடு நேராக இருந்தால் கை வைக்க வேண்டாம், விலகியிருந்தால் அந்த போல்ட்டை எடுத்துப் போட்டுவிட்டு இன்னொரு புதியது போடுங்கள்.